அழிந்து போனவர்கள் என்று நாம் எழுதியவர்கள்

பத்து வருடங்களுக்கும் மேலாக ஒரே வசனத்தை நான் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன். கி.மு. 612 இல் நினிவே நகர் வீழ்ந்தது, அத்துடன் அசீரியர் அழிந்தனர் என்பது அந்த வசனம். ஆசிரியர் கலாசாலையில் நான் எடுத்த குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது. மாணவர்கள் அதனைக் கொப்பியில் எழுதினார்கள். பரீட்சைத் தாளிலும் எழுதினார்கள். நான் சிவப்புப் பேனையால் சரி போட்டேன்.

2014 ஜூலையில், நோன்பின் கடைசிப் பத்தில், மௌஸில் நகரிலிருந்த நபி யூனுஸ் (அலை) அவர்களின் பெயரால் அமைந்த பள்ளிவாசலை ஐ.எஸ். இயக்கத்தினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எங்கள் ஊரில் தராவீஹ் முடிந்து திண்ணையில் அமர்ந்தவர்கள் அதைப் பற்றியே பேசினார்கள். ஒரு நபியின் அடக்கத்தலம் என்று நம்பப்பட்ட இடத்தை முஸ்லிம் பெயர் தாங்கியவர்களே தகர்த்தார்களே என்று எல்லோருக்கும் ஆற்றாமை. எனக்கும் அப்படியே. அந்த இடம் பழைய நினிவேயின் மேல் நிற்கிறது என்பது வரலாற்று ஆசிரியன் என்ற வகையில் எனக்குத் தெரியும். அதனால் மேலும் வாசிக்கத் தொடங்கினேன். அப்போதுதான், அதே நகரில் அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், வீட்டுக் கதவுகளில் ‘நூன்’ என்ற எழுத்து எழுதப்பட்டிருந்தது கண்ணில் பட்டது. நஸாரா என்பதன் முதலெழுத்து. எங்கள் பிள்ளைகள் ஓதற்பள்ளியில் விரல் வைத்து ஓதும் அதே நூன். அக்கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு மதம் மாறு, வரி கொடு, வெளியேறு, இன்றேல் வாள் என்று தவணை கொடுக்கப்பட்டது. ஜூலை 19 ஆம் திகதியோடு அத்தவணை முடிந்தது. அவர்கள் வெளியேறினார்கள். வெளியேறியவர்களில் பெரும்பாலானோர் நான் அழிந்து போனார்கள் என்று எழுதிக்கொண்டிருந்த மக்கள்.

அடக்கத்தலத்துக்காக வருந்திய எங்கள் திண்ணை, அந்தக் கதவுகளுக்காக வருந்தவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடங்க முடியாது.

இவர்களைப் பற்றி நான் அறிந்தவற்றில் கணிசமான பங்கு விக்கிப்பீடியா என்ற கலைக்களஞ்சியத்தில் இருந்து வந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பில் அசீரியா பற்றியதொரு விக்கித்திட்டம் உண்டு. திட்டம் என்றவுடன் அலுவலகம், பணிப்பாளர், சம்பளம் என்று எண்ண வேண்டாம். ஒன்றுமில்லை. ஒருவரையொருவர் பெரும்பாலும் கண்டிராத சிலர், அசீரியரோடு தொடர்புடைய கட்டுரைகளை ஒரு பட்டியலில் சேர்த்து, ஒவ்வொன்றின் தரத்தையும் முக்கியத்துவத்தையும் குறித்து, இது இன்னும் குறுங்கட்டுரையாகவே கிடக்கிறது, இதற்கு ஆதாரம் போதாது, இந்தக் கிராமத்துக்குக் கட்டுரையே இல்லை என்று தமக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் பேச்சுப் பக்கம் ஒன்று உண்டு. கட்டுரையைவிட அந்தப் பேச்சுப் பக்கங்களே எனக்குச் சுவையாயிருந்தன. ஒரு சமூகம் தன்னைத் தானே எழுத முற்படும்போது என்னென்ன சங்கடங்கள் எழும் என்பதை அங்கே பச்சையாகக் காணலாம்.

முதலாவது சங்கடம் பெயர்.

இந்த மக்கள் பேசுவது அரமேய மொழியின் இன்றைய வடிவங்கள். அவர்களின் வழிபாட்டு மொழியை எமது மத்ரஸாக்களில் ‘சுர்யானி’ என்று கேட்டிருப்போம். சபைகள் பல. கிழக்கின் அசீரியத் திருச்சபை, கல்தேயக் கத்தோலிக்கர், சுர்யானி ஓர்தொடொக்ஸ், சுர்யானிக் கத்தோலிக்கர் என்று பிரிந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தன்னை அசீரியர் என்கிறார், அடுத்தவர் கல்தேயர் என்கிறார், மற்றவர் அராமியர் என்கிறார். 2005 இன் ஈராக் அரசியலமைப்பு கல்தேயரையும் அசீரியரையும் தனித்தனியாகப் பெயர் சொல்கிறது. 2000 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீடு அசீரியர், கல்தேயர், சுர்யானியர் என்ற பெயர்களைச் சாய்கோடிட்டு ஒன்றாக எழுதியது. சுவீடனில் சோடெர்டெல்யே என்றொரு நகர் இருக்கிறது. அங்கே இம்மக்கள் பெருந்தொகையாகக் குடியேறியிருக்கிறார்கள். அந்த ஒரே நகரில் அவர்களுக்கு இரண்டு உதைபந்தாட்டக் கழகங்கள். ஒன்றின் பெயர் அசீரிஸ்கா, மற்றதன் பெயர் சிரியான்ஸ்கா. இரண்டும் வெவ்வேறு காலங்களில் சுவீடனின் உயர்தரப் பிரிவுவரை ஏறி விளையாடியிருக்கின்றன. பெயருக்காக மைதானத்தையே பிரித்துக்கொண்ட மக்கள்!

இனி, கலைக்களஞ்சியக் கட்டுரைக்கு ஒரு தலைப்புத்தான் வைக்கலாம். அங்கேதான் அடிபிடி. ஒருவர் அசீரியர் என்று எழுத, மற்றவர் வந்து அராமியர் என்று மாற்றுவார். முதலாமவர் மீண்டும் வருவார். இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் ஒரு கட்டுரையை மூன்று தடவைக்கு மேல் இப்படிப் புரட்டிப் போட்டால் எழுதும் உரிமையைத் தடுத்து வைப்பது அங்குள்ள விதி. எங்களூரில் வீதிப் பெயர்ப்பலகைக்கு இரவில் தார் பூசுகிறவர்களுக்கும் அப்படியொரு விதி இருந்தால் நல்லது.

புலமையாளர்களும் இதில் ஒருமித்தவர்கள் அல்லர். ஜோன் ஜோசெப் என்ற வரலாற்றாசிரியர் தாமும் அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். இன்றைய அர்த்தத்தில் அசீரியர் என்ற பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில், மேற்கத்திய மிஷனரிமாரும் அகழ்வாய்வாளர்களும் வந்த காலத்தில்தான் வேரூன்றியது என்று அவர் வாதிட்டார். பின்லாந்தின் சீமோ பார்ப்போலா அதற்கு எதிராக, பழைய அசீரியரிலிருந்து இன்றுள்ளோர் வரை அறுபடாத தொடர்ச்சி உண்டு என்று எழுதினார். ஆகவே எனது பழைய வசனத்தின் இரண்டாம் பாதியைப் பிழை என்று நான் சொல்வதுகூட சிலருக்கு ஏற்புடையதாக இராது. பரவாயில்லை. பேரரசு வீழ்ந்த அன்று அங்கிருந்த குடியானவர்கள் எல்லோரும் ஆவியாகிப் போகவில்லை என்றமட்டில் எனக்குத் தெளிவு உண்டு. இன்று ஒரு பெண்பிள்ளை ‘நான் அசீரியச்சி’ என்று சொன்னால், அவளது இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் நான் நம்புவேன் என்று சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை?

எமக்கு இது அந்நியமான கேள்வியல்ல. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனம் எது என்று கட்டுரை வாசித்ததும், 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பெழுதியதும் இச்சஞ்சிகையின் வாசகர்கள் அறிந்ததே. அப்துல் அஸீஸின் ஆதாரங்கள் எல்லாம் உறுதியானவையா என்பது வேறு விடயம். தன்னைப் பற்றிப் பிறர் எழுதிவிட்ட பின்பு பேனை தூக்குகிறவனின் அவதி எத்தகையது என்பதற்கு அவர் எமக்கு வாய்த்த உதாரணம். அசீரியக் கட்டுரைகளின் பேச்சுப் பக்கங்களில் அந்த அவதியையே நான் கண்டேன்.

பிறர் எழுதிய வரலாறு என்னும்போது ஒரு கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. நினிவேயையும் நிம்ரூதையும் தோண்டிப் புகழ் பெற்றவர் ஒஸ்டின் ஹென்றி லேயார்ட். அவரது தந்தை இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். 1839 இல், தமது இருபத்திரண்டாவது வயதில், லேயார்ட் இங்கிலாந்திலிருந்து தரை மார்க்கமாகப் புறப்பட்டது உண்மையில் இலங்கைக்கு வந்து சட்டத்தொழில் பார்ப்பதற்காக. வழியில் மௌஸிலின் மண்மேடுகளைக் கண்டார், பாரசீகத்தில் அலைந்தார், இலங்கைப் பயணத்தைக் கைவிட்டார். கொழும்பில் லேயார்ட்ஸ் புரோட்வே வழியே பஸ்ஸில் போகும்போது அந்தக் குடும்பப் பெயரை இன்றும் காணலாம். அவருக்கு உதவியாளராக வந்தவர் மௌஸிலிலேயே பிறந்த கல்தேயக் கிறிஸ்தவர், ஹொர்முஸ்த் ரஸ்ஸாம். அஷூர்பானிபாலின் அரண்மனையை 1853 இல் தோண்டி எடுத்தவர் இந்த ரஸ்ஸாமே. கில்கமெஷ் காவியத்தின் களிமண் ஏடுகள் உலகுக்குக் கிடைத்தது அவரது கையால். ஆயினும் அவரது பெயர் நெடுங்காலம் பின்வரிசையிலேயே இருந்தது. பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த வொலிஸ் பட்ஜ், ரஸ்ஸாமின் உறவினர்கள் தொல்பொருட்களைக் களவாக விற்கிறார்கள் என்ற பொருள்படப் பேசினார். ரஸ்ஸாம் வழக்குத் தொடுத்தார். 1893 இல் தீர்ப்பு ரஸ்ஸாமுக்குச் சார்பாக வந்தது, நட்டஈடு 50 பவுண். அவ்வளவுதான். தமது மூதாதையரின் நூலகம் என்று அவர் நம்பியதைத் தமது கையாலேயே வெளியே எடுத்த மனிதன், தமது பெயர் களங்கப்படாதிருக்க முதுமையில் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. இன்று கலைக்களஞ்சியத்தில் ரஸ்ஸாமைப் பற்றி விரிவாக எழுதப்பட்டிருப்பதை ஒருவித நீதியாகவே நான் கருதுகிறேன்.

இரண்டாவது சங்கடம் இதைவிட ஆழமானது. அது ஆதாரம் பற்றியது.

அந்தக் கலைக்களஞ்சியத்தின் விதி, எழுதுகிற எதுவும் ஏற்கனவே நம்பகமான இடத்தில் பிரசுரமாகியிருக்க வேண்டும் என்பது. நீ கண்டது, உன் மூத்தம்மா சொன்னது எதுவும் செல்லாது. எழுதுபவர் யார் என்றும் அங்கே கேட்பதில்லை. இதை வாசித்தபோது எனக்கு ஹதீஸ் கலைதான் நினைவுக்கு வந்தது. அங்கும் அறிவிப்பாளர் வரிசை இன்றி எதுவும் செல்லாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எமது அறிஞர்கள் ஆளைப் பார்த்தார்கள். அவர் உண்மையாளரா, நினைவாற்றல் எப்படி, யாரைச் சந்தித்தார் என்று ஒவ்வொருவராக எடைபோட்டார்கள். வாய்மொழி அங்கே ஆதாரமாக முடிந்தது, வாய் நம்பகமானதாயிருந்தால். கலைக்களஞ்சியத்திலோ ஆள் கணக்கிலில்லை, அச்சு மட்டுமே கணக்கு.

இது நியாயமா? எல்லோரும் எழுதக்கூடிய இடத்தில் வேறு வழியில்லை என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் அச்சு எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததா? உர்மியாவில் அமெரிக்க மிஷனரிமாரின் அச்சகத்திலிருந்து 1849 இலேயே இம்மக்களின் மொழியில் ஒரு பத்திரிகை வெளிவந்தது. அதன் பெயரின் பொருள் ஒளிக்கதிர்கள். அச்சகம் இருந்த சமவெளியின் கதை தாளில் ஏறிற்று. ஹக்காரி மலைகளில், தூர் அப்தீன் மேட்டில் இருந்தவர்களின் கதையோ பெரும்பாலும் வாயிலேயே நின்றது. 1915 வந்தது. உதுமானிய ஆட்சியின் கீழ், படையினராலும் அவர்களோடு சேர்ந்த கோத்திரங்களாலும் அம்மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் ஸைபோ, வாள். அரபு தெரிந்தவர்களுக்கு அச்சொல்லை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 1919 இல் பாரிஸ் சமாதான மகாநாட்டுக்குப் போன அசீரிய-கல்தேயத் தூதுக்குழு, இறந்தவர் தொகை 250,000 என்று சொன்னது. கணக்கெடுக்க வேண்டிய குருமாரும் பதிவேடுகளும் கிராமங்களோடு சேர்ந்தே அழிந்த பின்னர், சரியான எண்ணை யார் தருவது? கொலை எவ்வளவு முழுமையாக நடக்கிறதோ அவ்வளவுக்கு ஆதாரம் குறையும். ஆதாரம் குறையக் குறைய, நடுநிலை பேசுகிற வாசகன் சந்தேகத்தோடு பார்க்கிறான். அழிக்கப்பட்டவன் அழிக்கப்பட்டதற்காகவே இரண்டாம் முறையும் தோற்கிறான்.

இங்கே அந்தத் தன்னார்வலர்கள் செய்கிற வேலை எனக்கு மரியாதைக்குரியதாகத் தோன்றுகிறது. அவர்கள் விதியை உடைத்துக்கொண்டு அழுது எழுதுவதில்லை. அதாவது, அவர்களில் நல்லவர்கள் அப்படிச் செய்வதில்லை. பழைய நூல்களைத் தேடுகிறார்கள், கொன்சல்மாரின் அறிக்கைகளையும் மிஷனரிமாரின் கடிதங்களையும் பற்றிய ஆய்வுகளைப் படிக்கிறார்கள், ஒரு கிராமத்துக்கு மூன்று வசனம் எழுத மூன்று புத்தகம் புரட்டுகிறார்கள். தூர் அப்தீனின் கிராமங்களுக்குத் துருக்கிய அரசு புதுப்பெயர் இட்டிருக்கிறது. ஐவார்தோ இன்று குல்கோஸே. கப்ரோ இன்று எல்பெயெந்தி. உத்தியோகபூர்வப் பெயர்தான் பொதுவாகத் தலைப்பில் நிற்கும். அடுத்த வரியில், அவர்களது எழுத்தில், பழைய பெயர். 1990களில் வெறிச்சோடிப்போன கப்ரோவுக்கு 2006 இல் ஐரோப்பாவிலிருந்து சில குடும்பங்கள் திரும்பி வந்து வீடு கட்டின. ஒரு சிறு கிராமத்தின் பழைய பெயரை ஒருவர் எழுதிவைப்பதற்கும் மற்றொருவர் அங்கே கல் வைத்துக் கட்டுவதற்கும் இடையில் பெரிய தூரம் இல்லை.

நல்லவர்கள் என்று மேலே அழுத்திச் சொன்னேன். மற்றவர்களும் உண்டு. கல்தேயர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு வாழ்ந்து இறந்த ஒரு பாதிரியாரின் கட்டுரையில் அந்தச் சொல்லைத் தேடித் தேடி நீக்கி அசீரியர் என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுதலையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். தம்மைப் பிறர் அழித்தெழுதியதற்காக அழுகிறவன், தன் சகோதரனை அழித்தெழுதுகிறான். ஒற்றுமைக்காகச் செய்கிறோம் என்பது அவர்களது சமாதானம். அந்த ஒற்றுமை எனக்கு வேண்டாம். ஒரு மனிதனை அவன் சொன்ன பெயரால் குறிப்பிடாதவன் அவனுக்காகப் பேசுகிறேன் என்று சொல்வதில் பொருளில்லை.

நபி (ஸல்) அவர்கள் தாயிபில் கல்லடிபட்டுக் களைத்து ஒரு தோட்டத்தில் ஒதுங்கிய சம்பவம் எல்லோருக்கும் தெரியும். திராட்சைக் குலையோடு வந்த அடிமை அத்தாஸிடம், நீர் எந்த ஊர், எந்த மார்க்கம் என்று அவர்கள் கேட்டார்கள். அவர் நினிவேக்காரன், கிறிஸ்தவன் என்று பதில் சொன்னார். மத்தாவின் மகன் யூனுஸின் ஊரல்லவா என்று அவர்கள் சொல்ல, அத்தாஸ் வியந்துபோனார். இந்தச் சம்பவத்தைச் சிறு வயதிலிருந்து எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை. முதலில் அவரிடமே கேட்கப்பட்டது. அவர் சொன்னது அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்வூரைப் பற்றி அவருக்குப் பிரியமான ஒன்று நினைவுகூரப்பட்டது. நான் கரும்பலகையில் அழித்துவிட்டிருந்தது அந்த அத்தாஸின் ஊர் மக்களைத்தான்.

எமது மீலாத் மேடைகளில் பக்தாதின் பைத்துல் ஹிக்மா பற்றி முழங்காத பேச்சாளர் இல்லை. கிரேக்க மருத்துவன் கலனின் நூல்களை அரபுக்குக் கொண்டு வந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (இறப்பு 873) கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர் என்பதையும், அந்நூல்களில் பல முதலில் சுர்யானிக்குப் போய்ப் பிறகுதான் அரபுக்கு வந்தன என்பதையும் எத்தனை பேர் சொல்கிறோம்? அதே திருச்சபை எங்கள் தீவுக்கும் வந்திருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற கிரேக்க வணிகர், தப்ரபேனில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு தேவாலயம் இருந்ததாகவும் அதன் குரு பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டதாகவும் எழுதினார். 1912 இல் அநுராதபுரத்து அகழ்வில் கிடைத்த கற்சிலுவையை அவர்களோடு தொடர்புபடுத்திப் பேசுவோர் உண்டு.

மூன்றாவது சங்கடம் அவர்களுடையது மட்டுமல்ல, என்னுடையதும். தன் தரப்புக்கு வலிக்கிறதை எழுதுவது.

1933 ஆகஸ்டில், சுதந்திரம் பெற்று ஒரு வருடமும் முடியாத ஈராக்கின் இராணுவம், பக்ர் ஸித்கி என்ற தளபதியின் கீழ், சிமேலே என்னும் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் அசீரியரைக் கொன்றது. பிரித்தானிய அதிகாரிகளின் மதிப்பீடு அறுநூறு அளவில். அசீரியரின் கணக்கு மூவாயிரத்துக்கும் மேல். ஓர் அசீரியத் தன்னார்வலர் சிமேலே பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த அறுநூறையும் தன் கையால் எழுத வேண்டும். எழுதுகிறார்கள். இரண்டு எண்களையும், எது யாருடையது என்ற குறிப்போடு. அந்த விரல்களுக்கு என்ன செய்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எனது பக்கமும் ஒன்று உண்டு. உதுமானியரைப் பற்றி எமது சஞ்சிகைகளில் எவ்வளவு எழுதியிருக்கிறோம்! கிலாபத்தின் வீழ்ச்சிக்காக எத்தனை கண்ணீர்! 1915 ஐ நாம் எத்தனை பக்கம் எழுதினோம்? அது மேற்கத்தியப் பிரசாரம் என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனிதர், நல்ல கவிஞர். அவரிடம் நான் சொன்னது இதுதான்: ஐவார்தோ கிராமத்தில் முற்றுகைக்குள் அகப்பட்டிருந்த கிறிஸ்தவர்களுக்கும் தாக்கியவர்களுக்கும் இடையில் சமாதானம் செய்துவைத்தவர் ஷெய்க் பத்ஹுல்லாஹ் என்ற முஸ்லிம் பெரியார். தமது வாக்குக்குப் பிணையாகச் சொந்த மகனையே அவர் கிராமத்தாரிடம் விட்டார் என்று தூர் அப்தீன் மக்கள் இன்றும் சொல்லி வருகிறார்கள். கொலை நடக்கவில்லை என்றால் இந்த ஷெய்க் எதற்காக மகனைப் பிணை வைத்தார்? வாள் இருந்ததை மறுத்தால், வாளைத் தடுத்த எம்மவரின் பெயரையும் சேர்த்தே மறுக்க வேண்டி வரும். நண்பர் பதில் சொல்லவில்லை. எனது வாதம் வென்றது என்று நான் நினைக்கவுமில்லை. ஷெய்க் ஒருவர் கிடைத்ததால்தான் அந்தக் கொலையைப் பேச எனக்கு வாய் வந்ததா என்ற கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அப்படி ஒருவர் இல்லாமலிருந்திருந்தாலும் நான் அதைப் பேசியிருப்பேனா? தெரியவில்லை.

இப்போது பாடத்தில் பழைய வசனம் இல்லை. கி.மு. 612 இல் அசீரியப் பேரரசு வீழ்ந்தது என்று எழுதி, அடுத்த வரியில் இன்று அம்மக்கள் ஈராக், சிரியா, துருக்கி, ஈரான் ஆகிய நாடுகளிலும் சுவீடன், அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற தூர தேசங்களிலும் வாழ்கிறார்கள் என்று எழுதுகிறேன். பரீட்சைக்கு வராத விடயம். சென்ற தவணையில் நேரம் மிஞ்சியிருந்தது, சிமேலே பற்றியும் சொன்னேன். அறுநூறு, மூவாயிரம் என்று இரண்டையும் பலகையில் எழுதினேன். பின்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பி, ‘எதைக் கொப்பியில எழுதுற சேர்?’ என்று கேட்டாள். இரண்டையும் எழுதச் சொன்னேன். யார் எண்ணினார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன். மணி அடித்துவிட்டது. பாதிப்பேர் எழுதி முடிக்கவில்லை.